இணையதளங்களைப் பின்தொடர எந்த ஆர்எஸ்எஸ் வாசிப்பானைத் தேர்ந்தெடுப்பது?

மேசைவிளக்கு:

அனைவருக்கும் வணக்கம். நான் தொடர்ந்து படித்துவரும் இணையதளங்கள் ஏறத்தாழ 140 இருக்கின்றன. இதுநாள்வரை அவற்றின் முகவரிகளை உலாவியில் புத்தகக்குறிகளாகச் சேமித்துவைத்து, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்து, புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்த்துவந்தேன். படிக்கச் செலவாகும் நேரத்தைவிடத் திறந்து மூடச் செலவாகும் நேரமே மிகுதியாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே எழுதுகிற ஆய்வாளர் ஒருவரின் வலைப்பதிவில் மூன்று கட்டுரைகள் வந்திருந்ததைக்கூட அரையாண்டு கழித்துத்தான் கவனித்தேன். சமூக ஊடகத்தில் பின்தொடரலாம் என்றால், நான் பின்தொடர்பவர் எழுதியவற்றில் எதை எனக்குக் காட்டுவது என்பதை அந்தத் தளமே முடிவுசெய்கிறது.

எனவே, தளங்களில் புதிதாக வருபவற்றை ஓரிடத்தில் திரட்டிப் படிக்க உதவும் ஆர்எஸ்எஸ் ஓடைகளுக்கு மாற எண்ணியிருக்கிறேன். ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், தண்டர்பேர்ட் என்று அவற்றைப் படிக்கும் வாசிப்பான்களின் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. இரண்டு நாள்களாக ஒவ்வொன்றின் வசதிகளையும் பட்டியலிட்டு ஒப்பிட்டுப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. என்னிடம் ஒரு மேசைக்கணினி, ஒரு மடிக்கணினி, ஒரு கைப்பேசி இருக்கின்றன. ஒன்றில் படித்தது மற்றவற்றிலும் படித்ததாகத் தெரிய வேண்டும். என் பட்டியலை என்றைக்கும் வெளியே எடுத்துச் செல்ல முடிய வேண்டும். நியாயமான கட்டணம் என்றால் செலுத்தத் தயங்கமாட்டேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நூற்கண்டு:

நண்பரே, மென்பொருள்களின் வசதிகளை ஒப்பிடுவதைச் சில நாள்களுக்கு ஒத்திவைத்துவிட்டு, முதலில் உங்களுடைய 140 தளங்களின் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்தத் தளம் எவ்வளவு விரைவாக எழுதுகிறது என்பதுதான் உங்களுக்கான வாசிப்பானைத் தீர்மானிக்கப்போகிறது. மென்பொருளின் தோற்றமோ அதன் வசதிகளின் எண்ணிக்கையோ அதற்கு அடுத்தவைதான்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓடை என்பது ஒரு தளம் தன்னுடைய வழங்கியில் (சர்வரில்) வைத்திருக்கும், நிரல்கள் படிப்பதற்கேற்ற சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு. நம் வாசிப்பான் குறிப்பிட்ட இடைவெளியில் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி, முன்பு பார்த்திராத பதிவுகளை மட்டும் நமக்குப் புதியவையாகக் காட்டுகிறது. தளம் நமக்கு எதையும் அனுப்பிவைப்பதில்லை. நாம்தான் போய்க் கேட்கிறோம். அந்தக் கோப்பில் தளத்தின் எல்லாப் பதிவுகளும் இருப்பதில்லை, அண்மையில் வந்த சில மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்களில் உரிமையாளர் மாற்றாதவரை 10 பதிவுகள் இருக்கும். யூடியூப் அலைவரிசைகளின் ஓடையில் 15 காணொளிகள் இருக்கும். பத்துக்கு மட்டும் இடமுள்ள ஓடையில் பதினோராவது பதிவு வந்தவுடன் மிகப் பழையது கோப்பிலிருந்து விலகிவிடுகிறது.

இப்போது ஒரு நாளைக்கு இருபது பதிவுகள் வெளியிடும் செய்தித்தளம் ஒன்றை நீங்கள் பின்தொடர்வதாகக் கொள்ளுங்கள். வாசிப்பான் உங்கள் கணினியில் மட்டும் இயங்குவதாகவும், நீங்கள் நான்கு நாள்கள் கணினியைத் திறக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து திறக்கும்போது கடைசிப் பத்து பதிவுகள் கிடைக்கும். இடையில் வந்த எழுபது உங்கள் கண்ணில் படாமலேயே போய்விடும், அவை விடுபட்டன என்ற குறிப்புகூட எங்கும் இருக்காது. மாறாக, மாதத்துக்கு இரண்டு கட்டுரை எழுதும் வலைப்பதிவு என்றால், நீங்கள் மூன்று மாதம் கழித்து வந்தாலும் ஒன்றும் விடுபடாது. எனவே விரைவாக எழுதும் தளங்கள் உங்கள் பட்டியலில் இருந்து, அவற்றில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்றும் நீங்கள் எண்ணினால், நீங்கள் உறங்கும்போதும் விழித்திருந்து ஓடைகளைக் கேட்டு வாங்கிச் சேமிக்கும் வழங்கி ஒன்று வேண்டும். அது ஃபீட்லி, இனோரீடர், ஃபீட்பின் போன்ற இணையச் சேவையாகவும் இருக்கலாம், நீங்களே நிறுவிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

மூன்று கருவிகளிலும் படித்த குறி ஒத்திசைய வேண்டும் என்ற உங்கள் தேவையும் இதே திசையைத்தான் காட்டுகிறது. எது படித்தது, எது படிக்காதது என்ற கணக்கு ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். அந்த இடம் எது என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டால், அதன் மீது எந்தச் செயலியை வைத்துப் படிப்பது என்பதைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, மேக் கணினிக்கும் ஐபோனுக்கும் உள்ள நெட்நியூஸ்வயர் தானாகவும் இயங்கும். ஐகிளவுட், ஃபீட்பின், இனோரீடர், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் ஆகியவற்றோடு இணைந்தும் இயங்கும். கணக்கு வைப்பதையும் படிப்பதையும் வெவ்வேறு வேலைகளாகப் பிரித்துப் பார்த்தாலே உங்கள் குழப்பத்தில் பாதி குறைந்துவிடும்.

தாள்கத்தி:

நூற்கண்டு அவர்கள் சொன்ன விளக்கம் சரியானது. ஆனால் அதிலிருந்து வழங்கி கட்டாயம் என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. நாளொன்றுக்கு இருபது பதிவுகள் வெளியிடும் தளத்தின் எழுபது பதிவுகள் விடுபட்டால் உண்மையிலேயே நமக்கு இழப்பா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தகைய தளத்தின் முகப்பை நாளுக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். ஓடை உண்மையில் பயன்படுவது எப்போதாவது எழுதுபவர்களைத் தவறவிடாமல் இருப்பதற்குத்தான். நீங்கள் வருத்தத்தோடு குறிப்பிட்டதும் அப்படிப்பட்ட ஒரு வலைப்பதிவைத்தானே?

சேவைகளை நம்புவதில் இருக்கும் இடரையும் மறந்துவிடக் கூடாது. கூகுள் ரீடர் 2005 அக்டோபரில் தொடங்கி, 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. அறிவிப்பு வந்தது அதே ஆண்டு மார்ச்சில். அன்று பெரும்பாலோரின் வாசிப்பு அந்த ஒன்றையே சார்ந்திருந்தது. நானும் அதன்பின் ஒரு சிறிய சேவைக்கு மாறினேன், சில ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது. தளங்களின் பட்டியலை எடுத்துச் செல்ல முடிந்தது. ஆனால் நட்சத்திரக் குறியிட்டுச் சேமித்துவைத்த பல நூறு கட்டுரைகளை வெளியே எடுக்க அங்கு வழியில்லை. அவற்றில் சிலவற்றின் மூலத்தளங்களும் இப்போது இல்லை. அந்த இழப்பு இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது நான் மேசைக்கணினியில் தண்டர்பேர்டில் படிக்கிறேன். மின்னஞ்சலைப் போலவே ஓடைகளும் கோப்புறைகளாக அதில் இருக்கின்றன; கணக்கு தொடங்க வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, பதிவுகள் என் வட்டிலேயே தங்குகின்றன. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் வேலைசெய்து பழகியவர்களுக்கு நியூஸ்போட் இன்னும் எளிமையானது. அதில் சந்தாப் பட்டியல் என்பதே வரிக்கு ஒரு முகவரி எழுதிய ஒரு சாதாரண உரைக்கோப்புதான். நீண்ட கட்டுரைகளை மூன்று கருவிகளிலும் மாற்றி மாற்றிப் படிக்கிறீர்களா, அல்லது படிக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று எண்ணுகிறீர்களா? ஒரு வாரம் உங்களையே கவனித்துவிட்டுச் சொல்லுங்கள். ஓரிடத்தில் அமர்ந்து படிப்பவருக்கு ஒத்திசைவு தேவைப்படாது.

பனைநிழல்:

இரு தரப்புக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக நானே நிறுவிய வழங்கியில் படித்துவருகிறேன். முதலில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், இப்போது மினிஃப்ளக்ஸ். இரண்டுமே திறந்தமூல மென்பொருள்கள். ஆனால் இரண்டின் இயல்பும் வேறு.

ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. எஸ்க்யூலைட் என்ற ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளத்தை வைத்துக்கொண்டே இயங்கக்கூடியது என்பதால், வலைப்பதிவு வைத்துக்கொள்ளும் சாதாரண இடவாடகைச் சேவையிலும் அதை நிறுவிவிடலாம். ஓடையே இல்லாத தளத்தின் பக்கத்தில் தலைப்பு எங்கே, இணைப்பு எங்கே என்று, பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் எக்ஸ்பாத் என்ற குறியீட்டு முறை மூலம் சுட்டிக்காட்டினால், அதிலிருந்து ஓடை போன்ற ஒன்றை உருவாக்கித் தரும் வசதியும் அதில் உண்டு. மினிஃப்ளக்ஸ் கோ மொழியில் எழுதப்பட்ட ஒரே நிரல்கோப்பு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் மட்டுமே அதற்கு ஏற்றது. அலங்காரங்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். திறந்தவுடன் எழுத்து மட்டுமே கண்ணில் படும். கூகுள் ரீடர் மூடப்பட்ட பிறகும் பிற செயலிகள் அதனோடு பேசப் பயன்படுத்திய நிரல் இடைமுகம் (ஏபிஐ) ஒரு பொதுமொழி போல நிலைத்துவிட்டது. இவ்விரண்டும் அதைப் பேசுவதால், அதைப் புரிந்துகொள்ளும் பல கைப்பேசிச் செயலிகளை இவற்றோடு இணைக்கலாம். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் இதற்கென்று தனிக் கடவுச்சொல் அமைக்க வேண்டும் என்பதைப் புதிதாக வருபவர்கள் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் இந்த வழியை எல்லோருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். மென்பொருள் இலவசம் என்றாலும் காவல் காக்கும் வேலை நம்முடையதாகிவிடுகிறது. தரவுத்தளத்தின் பதிப்பை உயர்த்தும்போது ஒருமுறை காப்புநகல் எடுக்காமல் தொடங்கிவிட்டேன்; படித்த குறிகளும் குறிச்சொற்களும் முழுவதும் அழிந்துபோயின. தவறு முழுக்க என்னுடையதே. சந்தாப் பட்டியலின் நகல் வேறிடத்தில் இருந்ததால் தளங்களையாவது மீட்டேன். மாதம் ஒரு மணிநேரம் இந்தப் பராமரிப்புக்கு ஒதுக்க உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். இல்லையென்றால் கட்டணச் சேவை ஒன்றில் சேர்வதே நல்லது. இலவசக் கணக்குகளில் பெரும்பாலும் ஓடைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கும் என்பதால், 140 தளங்கள் உள்ள நீங்கள் சேருவதற்கு முன்பே அந்த வரம்பைப் பார்த்துவிடுங்கள்.

மேசைவிளக்கு:

மூவருக்கும் மிகுந்த நன்றி. நூற்கண்டு அவர்கள் சொன்னபடி பட்டியலை ஒரு மாலை முழுவதும் அமர்ந்து பிரித்தேன். நாள்தோறும் பல பதிவுகள் வெளியிடும் தளங்கள் ஒன்பதே ஒன்பதுதான். வாரத்துக்கு ஒன்றிரண்டு எழுதுபவை முப்பத்தெட்டு. பதினேழு தளங்களில் ஓராண்டுக்கு மேலாக ஒரு பதிவுகூட இல்லை. மீதி எல்லாம் மாதம் ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ எழுதுபவை. நான் விரைந்து வெளியிடும் தளங்களைப் பற்றியே இவ்வளவு நாளும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. தாள்கத்தி அவர்கள் கேட்டதற்கும் பதில் கிடைத்துவிட்டது: மடிக்கணினியில் ஒரு கட்டுரையைக்கூட முழுமையாகப் படிக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் காத்திருப்பு நேரங்களில் நிறையப் படிக்கிறேன். மேசைக்கணினியில் இரவில் படிக்கிறேன்.

மேலும் மூன்று ஐயங்கள். சில ஓடைகளில் கட்டுரையின் முதல் இரண்டு வரிகள் மட்டுமே வருகின்றன. இதற்கு வழி உண்டா? பன்னிரண்டு தளங்களில் ஓடை முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை. விரைந்து வெளியிடும் அந்த ஒன்பது தளங்களிலிருந்து வேண்டாதவற்றை வடிகட்ட இயலுமா?

நூற்கண்டு:

ஓடை முகவரியிலிருந்து தொடங்குகிறேன். பல தளங்கள் ஓடைக்கான ஆரஞ்சு நிறச் சின்னத்தை எடுத்துவிட்டாலும் ஓடையை எடுத்துவிடவில்லை. பக்கத்தின் மூலநிரலில், தலைப்பகுதியில், ஓடை இருக்குமிடத்தைச் சுட்டும் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். நல்ல வாசிப்பான் ஒன்றில் தளத்தின் முகப்பு முகவரியைக் கொடுத்தாலே அது அந்த வரியைப் படித்து ஓடையைத் தானே கண்டுபிடித்துவிடும். அப்படியும் கிடைக்காவிட்டால், வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் முகவரியின் இறுதியில் சாய்கோடிட்டு ஃபீட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் (/feed) சேர்த்துப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் இதிலேயே அகப்படும் என்று எதிர்பார்க்கிறேன்.

இரண்டு வரி மட்டும் வரும் ஓடைகள் பற்றி: அது பிழை இல்லை, தள உரிமையாளரின் தேர்வு. முழுப்பதிவா, சுருக்கமா என்பதை வேர்ட்பிரஸ்ஸிலும் பிளாக்கரிலும் அமைப்புகளிலேயே தேர்ந்தெடுக்கலாம். மினிஃப்ளக்ஸில் ஒவ்வோர் ஓடைக்கும் மூலப்பக்கத்துக்குச் சென்று முழு உரையை எடுத்துவரும்படி சொல்ல முடியும்; கட்டணச் சேவைகள் சிலவும் இதைத் தருகின்றன. தளத்தின் வடிவமைப்பு மாறினால் இந்த முறை உடைந்துவிடும், படங்களும் அட்டவணைகளும் சில நேரம் விடுபட்டுப்போகும். சிறிய வலைப்பதிவு என்றால், எழுதுபவருக்கே ஒரு கடிதம் எழுதி முழு ஓடையைத் தருமாறு கேட்பதைத்தான் நான் விரும்புவேன். கேட்டவர்களில் பலர் மறுநாளே மாற்றியிருக்கிறார்கள். தங்கள் ஓடை சுருக்கமாகப் போய்க்கொண்டிருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

வடிகட்டுவதில் தமிழ்ப் பதிவுகளுக்கென்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாசிப்பான்களின் வடிகட்டிகள் நீங்கள் கொடுத்த எழுத்துத்தொடர் அப்படியே இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 'விளம்பரம்' என்று கொடுத்தால் 'விளம்பரத்தில்', 'விளம்பரங்கள்' ஆகியவை அதில் சிக்கா, ஏனென்றால் உருபு ஏறும்போது ஈற்று மகரம் திரிந்துவிடுகிறது. 'விளம்பர' என்று மாறாத பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும். 'வீடு' என்பதற்கு 'வீட்டு' என்ற வடிவத்தையும் தனியே சேர்க்க வேண்டும். அதே நேரம் மிகக் குறுகிய பகுதியைக் கொடுத்தால் தொடர்பில்லாத சொற்களும் அகப்பட்டுவிடும்; ஆகவே முதல் இரண்டு வாரம் வடிகட்டியவற்றை அழித்துவிடாமல் தனிக் கோப்புறைக்கு அனுப்பி, என்ன விழுகிறது என்று பார்த்துத் திருத்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓடைகளைக் கேட்கும் இடைவெளியை ஐந்து நிமிடம் என்று வைத்துவிடாதீர்கள். ஒழுங்காக எழுதப்பட்ட வாசிப்பான், சென்றமுறை வழங்கி தந்த அடையாளக் குறியைத் திருப்பிக் காட்டி, இதற்குப் பின் மாறியிருந்தால் மட்டும் தாருங்கள் என்று கேட்கும். மாறவில்லை என்றால் வழங்கி 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும், கோப்பை அனுப்பாது. இந்த நாகரிகம் தெரியாத நிரல்கள் முழுக் கோப்பையும் ஒவ்வொரு முறையும் இழுக்கின்றன; தன் கைக்காசில் தளம் நடத்துபவருக்கு அது பெரும் சுமை. அதனால்தான் சில தளங்கள் அடிக்கடி கேட்பவர்களுக்கு, அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று பொருள்படும் 429 என்ற எண்ணைப் பதிலாகத் தந்து கதவடைக்கின்றன. மாதம் ஒருமுறை எழுதும் வலைப்பதிவை நாளுக்கு ஒருமுறை கேட்டால் தாராளம்.

தாள்கத்தி:

பட்டியலை வெளியே எடுப்பது குறித்து ஓர் எச்சரிக்கை. சந்தாப் பட்டியலை எழுதிவைக்கும் ஓபிஎம்எல் என்ற கோப்பு வடிவத்தை ஏறத்தாழ எல்லா வாசிப்பான்களும் புரிந்துகொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2018 டிசம்பரில் வந்த தன் 64ஆம் பதிப்பில், ஓடைகளைப் புத்தகக்குறிகளாகக் காட்டிய நேரலைப் புத்தகக்குறிகள் வசதியை நீக்கியபோதும், பயனரின் ஓடைகளை அந்த வடிவத்தில்தான் ஒரு கோப்பாக எழுதிக் கொடுத்தது. ஆனால் அதில் பொதுவாக இருப்பது தளங்களின் பெயர்களும் முகவரிகளும் கோப்புறைகளும் மட்டுமே. படித்த குறி, நட்சத்திரம், வடிகட்டி ஆகியவை பெரும்பாலும் அதில் வராது. சேமிக்கத்தக்க கட்டுரையை வாசிப்பானுக்குள் நட்சத்திரமிட்டு விட்டுவிடாமல், கோப்பாகவே உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் செலுத்திய சந்தாதாரர்களுக்கென்று தனி ஓடை தரும் தளங்களில், அந்த முகவரிக்குள்ளேயே உங்களுக்குரிய இரகசியக் குறியும் இருக்கும். பட்டியலை நண்பருக்குக் கொடுக்குமுன் அத்தகைய வரிகளை நீக்கிவிட வேண்டும்.

பனைநிழல்:

ஒரு நாள் காலையில் ஒரு தளத்தின் பழைய பதிவுகள் அனைத்தும் படிக்காதவையாகத் திரும்பி வந்து நின்றால் வாசிப்பானைக் குறைசொல்லாதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் ஓர் அடையாளம் உண்டு. 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தரநிலை ஆவணம், ஆர்எஸ்எஸ்ஸைப் போன்ற மற்றொரு வடிவமான 'ஆட்டம்' ஓடைகளில் அந்த அடையாளம் ஒருபோதும் மாறக் கூடாது என்று வரையறுக்கிறது. பதிவின் முகவரியையே அடையாளமாக வைக்கும் தளங்கள், தங்கள் முகவரி அமைப்பை மாற்றும்போது அடையாளமும் மாறிவிடுகிறது. அந்த ஓடையில் உள்ளவற்றை மொத்தமாகப் படித்ததாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

மேசைவிளக்கு:

ஆறு வாரங்கள் கழித்து வருகிறேன். கட்டணச் சேவை ஒன்றில் ஒரு மாதத்துக்குச் சேர்ந்து பார்த்தேன், குறையொன்றும் இல்லை. ஆனால் என் தேவைக்கு அது மிகுதி என்று பட்டது. விரைந்து எழுதும் ஒன்பது தளங்களில் ஆறை நீக்கிவிட்டேன். அவற்றின் பதிவுகள் குவிந்து, மற்றவர்கள் எழுதியதை மூடி மறைத்துக்கொண்டிருந்தன. ஓய்ந்துவிட்ட பதினேழு தளங்களை ஒன்றுகூட நீக்கவில்லை. அவர்கள் எழுதாதவரை என் நேரத்தில் ஒரு நொடியும் அவை எடுத்துக்கொள்வதில்லை, எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். அவற்றில் ஒருவர் சென்ற வாரம் மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறார்.

இப்போது ஏற்கெனவே என்னிடம் இருந்த இடவாடகைக் கணக்கில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நிறுவியிருக்கிறேன். பனைநிழல் அவர்கள் குறிப்பிட்ட தனிக் கடவுச்சொல் இடத்தில்தான் நானும் ஒரு மணிநேரம் தடுமாறினேன். மேசைக்கணினியில் உலாவி வழியாகவும், கைப்பேசியில் ரீட்யூ என்ற திறந்தமூலச் செயலியிலும் படிக்கிறேன். படித்த குறிகள் இரண்டிலும் சரியாகவே இருக்கின்றன. ஓடைகளைக் கேட்கும் இடைவெளி, விரைவானவற்றுக்கு இரண்டு மணிநேரம், மற்றவற்றுக்கு ஒரு நாள். படிக்காதவற்றின் எண்ணிக்கை கண்ணில் படாதபடி அமைத்துவிட்டேன். எண் தெரிந்தால் அதைக் குறைப்பதற்காகவே வேகமாகப் படிக்கிறேன் என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்தேன். மாதத்தின் முதல் நாள் ஓபிஎம்எல் கோப்பையும் தரவுத்தளத்தையும் வேறொரு வட்டுக்கு நகலெடுக்கிறேன்.

ஓடை கிடைக்காத பன்னிரண்டு தளங்களில் எட்டுக்கு முகவரி கிடைத்துவிட்டது. இரண்டுக்கு எக்ஸ்பாத் வழி அமைத்தேன். மீதி இரண்டு சிறிய வலைப்பதிவுகள் என்பதால் அவற்றை எழுதுபவர்களுக்கே கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே குறிப்பிடுகிறேன்.